64-பிட் லினக்ஸில் 32-பிட் மென்பொருள்களுக்கு ஒலி வரச் செய்தல்

64-பிட் லினக்ஸ் கணினியில் 32-பிட் கட்டமைப்புக்காக உருவாக்கப்பட்ட பழைய மென்பொருள் ஒன்றைத் திறந்தால், சாளரம் வரும், படம் ஓடும், ஒலி மட்டும் வராது. அதே கணினியில் உலாவியிலும் பாட்டு கேட்கும் மென்பொருளிலும் ஒலி நன்றாகவே கேட்கும். ஆகவே ஒலி அட்டையையோ கர்னலையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் காரணம், அந்த மென்பொருள் பயன்படுத்தக்கூடிய 32-பிட் ஒலி நிரலகம் கணினியில் நிறுவப்படாதிருப்பதே ஆகும்.

ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டெரான் 2003இல் வெளிவந்தது முதலே, இவ்வகை 64-பிட் செயலிகள் 32-பிட் நிரல்களையும் நேரடியாக இயக்கக்கூடியவை. லினக்ஸ் கர்னலும் அவற்றின் அழைப்புகளை ஏற்கும். சிக்கல் இவ்விரண்டுக்கும் மேலுள்ள அடுக்கில் இருக்கிறது. பழைய விளையாட்டுகளும், வைன் வழியாக இயங்கும் பழைய விண்டோஸ் மென்பொருள்களும் இதில் அதிகம் அகப்படுகின்றன.

ஒலி செல்லும் வழி

ஒரு மென்பொருள் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது இன்று அரிது. அது முதலில் அல்சா நிரலகத்தையோ பல்ஸ்ஆடியோ நிரலகத்தையோ அழைக்கிறது. அந்நிரலகம் ஒலியை, பின்னணியில் ஓடும் ஒலி வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி, பல மென்பொருள்களின் ஒலிகளைக் கலந்து கர்னலிடம் கொடுக்கிறது. நீண்டகாலம் இந்த வழங்கியாக இருந்தது பல்ஸ்ஆடியோ. பெடோரா 8 (2007), உபுண்டு 8.04 (2008) ஆகியவை அதை இயல்பாகச் சேர்த்தன. 2021இல் பெடோரா 34 பைப்வயருக்கு மாறியது. பிற வழங்கல்களும் தொடர்ந்தன.

நிரலகம் மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்படுகிறது. 32-பிட் மென்பொருளுக்குள் 64-பிட் நிரலகத்தை ஏற்ற முடியாது. ஆனால் ஒலி வழங்கி தனியாக ஓடும் நிரல். அதனோடு பேச்சு சாக்கெட் வழியே நடப்பதால், எதிர்முனையில் இருப்பது 32-பிட்டா 64-பிட்டா என்பது அதற்குப் பொருட்டில்லை. எனவே வழங்கியை மாற்றவோ இரண்டாவது வழங்கி ஒன்றை நிறுவவோ தேவையில்லை. மென்பொருளின் பக்கம் உள்ள நிரலகத்துக்கு மட்டும் 32-பிட் படி ஒன்று வேண்டும்.

பிழைச் செய்தி ஏன் தெரிவதில்லை?

தொடங்கும்போதே தேவைப்படும் நிரலகம் ஒன்று இல்லையென்றால் மென்பொருள் திறக்கவே திறக்காது. காரணமும் முனையத்தில் தெரிந்துவிடும். ஒலியில் நிலைமை வேறு. அல்சா நிரலகம் தன் அமைவுக் கோப்பைப் படித்து, "இயல்புச் சாதனம்" எது என்று பார்த்து, அதற்குரிய சொருகியை அந்நேரத்தில்தான் தேடி ஏற்றுகிறது. அமைவுக் கோப்பு இரு கட்டமைப்புகளுக்கும் பொது. 64-பிட் சொருகியை நிறுவும்போது, ஒலியை ஒலி வழங்கிக்கு அனுப்பு என்று அது எழுதப்பட்டுவிடுகிறது. 32-பிட் அல்சா நிரலகமும் அதே வரியைப் படித்து, இல்லாத 32-பிட் சொருகியைத் தேடித் தோற்கிறது. பல மென்பொருள்கள் இதைப் பொருட்படுத்தாமல் ஒலியின்றித் தொடர்ந்து ஓடுகின்றன. பொதி நிர்வாகியும் எச்சரிப்பதில்லை. சொருகி, அல்சா நிரலகத்தின் கட்டாயத் தேவையாகக் குறிக்கப்பட்டிருப்பதில்லை.

ஸ்கைப்பின் லினக்ஸ் பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் வந்த 4.3 பதிப்பு, அல்சாவோடு நேரடியாகப் பேசுவதைக் கைவிட்டு பல்ஸ்ஆடியோவை மட்டுமே நம்பியது. மென்பொருளோ 32-பிட்டாகவே வழங்கப்பட்டது. 64-பிட் உபுண்டுவில் பலருக்கு எழுத்து அரட்டை நடந்தது, குரல் கேட்கவில்லை. 32-பிட் பல்ஸ்ஆடியோ நிரலகம் என்ற ஒரே பொதியை நிறுவியதும் சரியாயிற்று.

கண்டறிதல்

முதலில் மென்பொருளின் இயங்கு கோப்பை "ஃபைல்" கட்டளையால் சோதித்தால் அது எத்தனை பிட் என்று தெரியும். பிறகு, ஒலி வர வேண்டிய நேரத்தில் பல்ஸ்ஆடியோவின் ஒலியளவுக் கட்டுப்பாட்டுச் சாளரத்தைத் திறந்து, ஒலிக்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். இது பைப்வயரிலும் வேலை செய்யும். மென்பொருளின் பெயர் அங்கே இருந்தால் நிரலகம் சரியாக உள்ளது. ஒலி அடைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வேறு சாதனத்துக்குப் போகலாம். பெயரே இல்லையென்றால் 32-பிட் நிரலகத்தைத் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை, தேவையற்ற மறுநிறுவல்கள் பலவற்றைத் தவிர்க்கும். முனையத்திலிருந்து மென்பொருளைத் தொடங்கினால், திறக்க முடியாத சொருகியின் பெயரும் பெரும்பாலும் அச்சாகும்.

நிறுவுதல்

டெபியன், உபுண்டு வகைகளில், டிபிகேஜி கட்டளையால் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர் லிப்பல்ஸ்0, லிப்அசவுண்ட்2-பிளகின்ஸ் ஆகிய பொதிகளை, பெயரின் பின்னே முக்காற்புள்ளியும் ஐ386 என்பதும் சேர்த்து நிறுவலாம். 2013இல் டெபியன் 7 பல்கட்டமைப்பு முறையைக் கொண்டுவரும் வரை, 32-பிட் நிரலகங்களை மொத்தமாகக் கட்டித்தந்த ஐஏ32-லிப்ஸ் என்ற பொதியே வழக்கில் இருந்தது. அதை நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்று பயன்படா.

பெடோராவில் இதே பொதிகளின் ஐ686 வடிவங்கள் வேண்டும். ஆர்ச் லினக்ஸில் மல்டிலிப் களஞ்சியத்தை இயக்கியபின், லிப்32 என்ற முன்னொட்டுடன் தேடினால் கிடைக்கும்.

ஒன்றில் கவனம் தேவை. டெபியன் முறையில் ஒரு நிரலகத்தின் 32-பிட், 64-பிட் படிகள் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பொருந்தாதபோது பொதி நிர்வாகி, முரண்படும் பொதிகளை நீக்கலாமா என்று கேட்கக்கூடும். அப்பட்டியலில் மேசைச் சூழலே இருக்கவும் வாய்ப்புண்டு. படிக்காமல் சம்மதித்தால், ஒலிக்காகத் தொடங்கிய வேலை, கணினியை மீண்டும் நிறுவுவதில் முடியும். முதலில் 64-பிட் பொதிகளை முழுமையாகப் புதுப்பித்துக்கொண்டால் பெரும்பாலான முரண்கள் எழா.

இன்னும் பழைய மென்பொருள்கள்

அல்சாவுக்கும் முந்தைய ஓஎஸ்எஸ் முறைக்கு எழுதப்பட்டவை, சாதனக் கோப்பை நேராகத் திறக்க முயலும். அவற்றை பிஏடிஎஸ்பி என்ற உறைக்கட்டளையுடன் தொடங்கலாம். ஆனால் அதுவும் மென்பொருளுக்குள் நிரலகம் ஒன்றைப் புகுத்தியே வேலை செய்வதால், அந்நிரலகத்தின் 32-பிட் படி தேவை. ஓஎஸ்எஸ் பிராக்சி என்பது இதைவிடச் சுலபம்: அது சாதனக் கோப்பையே உருவாக்கித் தருவதால் பிட் வேறுபாடு எழுவதில்லை.

32-பிட் ஆதரவின் நிலை

2019 ஜூனில் உபுண்டு, 19.10 பதிப்பிலிருந்து 32-பிட் பொதிகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமும் வைன் உருவாக்குநர்களும் எதிர்த்ததால், தேர்ந்தெடுத்த பொதிகள் மட்டும் தொடரும் என்று சில நாள்களிலேயே முடிவு மாற்றப்பட்டது. மறுபுறம் வைன், 2024 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பில், 32-பிட் விண்டோஸ் மென்பொருள்களை 64-பிட் லினக்ஸ் நிரலகங்களைக் கொண்டே இயக்கும் முறையைச் சோதனை நிலையில் வழங்கியது. வைன் அம்முறையில் தொகுக்கப்பட்டிருந்தால் 32-பிட் ஒலி நிரலகம் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட 32-பிட் மென்பொருள்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு மேற்சொன்ன பொதிகளோ, 32-பிட் நிரலகங்களைத் தன்னுள் கொண்ட ஃபிளாட்பேக் வடிவமோ வேண்டும்.