படத்தின் அடியில் ஒரு பெயர்

காலையில் பத்திரிகையை விரித்ததும் நம் கண் முதலில் நாடுவது படத்தைத்தான். வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இதை நன்கு அறிவோம். குடிவந்த ஊரின் எழுத்து பழகாத நாட்களில் நமக்குச் செய்தி சொன்னது படமே அல்லவா? ஆயினும் அதை எடுத்தவர் யார், அவருக்கு ஊதியம் அளிப்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிலிம் வழங்கிய காலத்தில் காமிராவும் லென்சும் விலை மிகுந்தவை. பிலிமைக் கழுவ இருட்டறை வேண்டும். எனவே பெரிய பத்திரிகைகள் புகைப்படக்காரர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டன. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், செய்திப் புகைப்படக்காரரையும் உழைக்கும் பத்திரிகையாளர் வரிசையில் வைத்து, வேலை நேரம், விடுப்பு, பணிக்கொடை ஆகியவற்றுக்கு வழி செய்தது.

சுயேச்சையாகத் தொழில் செய்தவர் அன்றும் உண்டு. படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்று கருதிய ராபர்ட் காப்பா, கார்த்தியே-பிரெஸ்ஸோன் முதலியோர் 1947-இல் மாக்னம் என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் பணியாற்றிய ரகு ராய் 1976-இல் அதை விட்டு விலகி, மறு ஆண்டு மாக்னத்தில் சேர்ந்தார். இவர்கள் தாமே விரும்பி அவ்வழியை மேற்கொண்டவர்கள்.

பின்னர் வந்த மாற்றம் அத்தகையதன்று. டிஜிட்டல் காமிரா இருட்டறையை அகற்றியது; இணையம் படத்தை நொடியில் கொண்டு சேர்த்தது; பத்திரிகைகளின் விளம்பர வருவாயோ குறைந்தது. 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ தன் புகைப்படப் பிரிவு முழுவதையும் கலைத்தது. வேலை இழந்தோருள் 1982-இல் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் வைட்டும் ஒருவர். 2015-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ எஞ்சியிருந்த ஆறு பேரையும் நீக்கியது.

பத்திரிகைகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தொலைவில் வெள்ளம் வந்தால், அவ்வூரிலேயே உள்ளவர் விரைவில் படம் அனுப்புவார். புதியவர்களுக்கும் வாய்ப்புக் கிட்டும். ஆனால் காமிரா பழுதானாலும் கால் முறிந்தாலும் செலவு அவருடையதே.

உரிமை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், சம்பள ஊழியர் பத்திரிகைக்காக எடுத்த படத்தைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு. ஏனைய உரிமைகள் எடுத்தவருக்கு. தாமாகவே சென்று எடுத்த படம் முற்றிலும் எடுத்தவருடையது. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஊதியத்துக்கு எடுத்த படமோ, கேட்டவரையே சேரும். சுதந்திரத்தை நாடி வந்தவர், சம்பள ஊழியருக்கு இருந்த உரிமையையும் இழந்து நிற்கக் கூடும்!

நம் இழப்பும் ஒன்று உண்டு. முன்பு ஒரு நகரத்தின் பல்லாண்டுக் காட்சிகள் பத்திரிகை அலுவலகத்து நெகடிவ் பெட்டிகளில் ஒருங்கே கிடந்தன. இன்று அவை பலருடைய வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வட்டு பழுதானால் ஓர் ஊரின் நினைவே அழியலாம்.

ஆதலின், அயல் மாநிலத்தில் காமிராவை நம்பி வாழும் நம் இளைஞர்கள் வேலையை ஏற்குமுன், கூலி எவ்வளவு, எத்தனை முறை வெளியிடலாம், உரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் பெறுதல் நலம். வாசகராகிய நாமும் ஒன்று செய்யலாம். நாளைக் காலை படத்தைக் கண்டதும், அதன் அடியில் உள்ள பெயரையும் படிப்போம்.