குதிரை மாறிய வீரர்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வசந்த காலம். 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தின் பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் உடப்புசல்லாவை, இராகலைப் பகுதி இளைஞர்கள். தேநீர்க் கடை வாங்கில் நால்வர் கூடினால் ஒரு வாதம் தவறாமல் எழும்: "வென்றது மனிதனா, மெஷினா?" இந்த வாதத்துக்கு விடை காண்பதற்காகத் தம் புகழையே பணயம் வைத்த ஓர் இளைஞரின் கதையை வாசகர்களுக்குக் கூற விழைகிறோம்.

அவர் இத்தாலியரான வலென்டினோ ரொஸி. 1979இல் பிறந்தவர், தந்தையும் பந்தய வீரரே. 1997இலும் 1999இலும் சிறிய வகுப்புகளில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற ரொஸி, 2000ஆம் ஆண்டில் ஹொண்டா வண்டியுடன் உயர் வகுப்பில் நுழைந்தார். 2001, 2002, 2003 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் அவருடையதே. 2003இல் நடந்த 16 பந்தயங்களில் ஒன்பதில் வென்றார்.

ஆயினும், "அந்த ஹொண்டாவில் யார் ஏறினாலும் வெல்லலாம்" என்ற பேச்சு அவரைத் தொடர்ந்து வந்தது. வண்டியைக் கொண்டாடுமளவுக்கு வீரரைத் தொழிற்சாலை மதிக்கவில்லை என்ற எண்ணம் அவர் மனத்தை உறுத்தியது. 24 வயதில் அவர் எடுத்த முடிவு உலகைத் திகைக்க வைத்தது. போட்டித் தொழிற்சாலையான யமஹாவுக்குச் செல்லத் துணிந்தார். யமஹாவின் அன்றைய நிலை என்ன? 2003ஆம் ஆண்டு முழுவதும் உயர் வகுப்பில் ஒரு பந்தயத்தையேனும் அது வெல்லவில்லை. 1992க்குப் பின் பட்டம் அதனை எட்டிப் பார்க்கவுமில்லை.

அவர் விலகிய முறையை நாம் கவனிக்க வேண்டும். ஹொண்டாவுடன் செய்த ஒப்பந்தம் 2003 டிசம்பர் முடிய இருந்தது. அவ்வாண்டின் இறுதிப் பந்தயத்தையும் ஹொண்டாவுக்கே வென்று கொடுத்தார். புத்தாண்டு பிறக்கும் வரை யமஹா வண்டியில் ஏறவில்லை. பல ஆண்டுகளாக ஹொண்டாவில் பணியாற்றிய தலைமை மெக்கானிக் ஜெரமி பேர்ஜஸ் என்னும் அவுஸ்திரேலியரும், குழுவினர் பெரும்பாலோரும் தாமாகவே அவருடன் சென்றனர்.

2004 ஜனவரியில் மலேசியாவின் செப்பாங் திடலில் முதற் சோதனை நடந்தது. யமஹாவின் பொறியியலாளர் மசாவோ புருசாவா வெவ்வேறு அமைப்புள்ள எஞ்சின்களை அவர் முன் வைத்தார். அவற்றுள் ஒன்றில் நான்கு சிலிண்டர்களும் ஒத்த இடைவெளியில் வெடிக்கும் வழக்கமான முறை கைவிடப்பட்டிருந்தது. வெடிப்புகள் சமமற்ற இடைவெளியில் நிகழுமாறு கிராங்குத் தண்டு மாற்றப்பட்டிருந்தது. வளைவில் கைப்பிடியைத் திருகும்போது பின்சில்லு தரையைப் பற்றுகிறதா, வழுக்குகிறதா என்பதை ஓட்டுபவர் தெளிவாக உணர இது உதவும். ரொஸி தேர்ந்தெடுத்தது அதனையே.

2004 ஏப்ரல் 18. தென்னாபிரிக்காவின் வெல்கொம் நகரம். யமஹாவில் ரொஸியும் ஹொண்டாவில் மக்ஸ் பியாஜியும் இறுதிவரை ஒருவரையொருவர் விடாது துரத்தினர். ஒரு விநாடியின் கால் பங்கும் இல்லாத இடைவெளியில் ரொஸி வென்றார். பின்னர் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, அதனருகே தலையைத் தாங்கி அமர்ந்தார். எழுந்து அதற்கு முத்தமிட்டார். அவ்வாண்டின் பட்டமும் அடுத்த ஆண்டின் பட்டமும் அவரையே சேர்ந்தன.

அப்படியாயின் மனிதனே வென்றான் எனத் தீர்ப்புக் கூறிவிடலாமா? சற்றுப் பொறுக்க. 2011இல் அதே ரொஸி, அதே பேர்ஜஸுடன் இத்தாலியின் டுகாட்டிக்கு மாறினார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. 2013இல் யமஹாவுக்கே திரும்பி, அவ்வாண்டிலேயே மீண்டும் வென்றார். வீரர் சொல்வதைக் கேட்கும் தொழிற்சாலையும், வண்டி உணர்த்துவதை அறியும் வீரரும் சேர்ந்தாலன்றி வெற்றி இல்லை என்பதே நாம் காணும் விடை.

அணி மாறிய எல்லோரும் இவ்வாறு மாறியதில்லை. 1961இல் கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். அணி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்துக்குச் சென்றவர், தாயகம் திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் முன்னரே இரகசியமாக மேற்கு ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். பெர்லின் சுவர் எழுந்த ஆண்டு அது; சுதந்திரம் நாடியவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கண்ட எஞ்சின் நுட்பமும் அவருடன் ஜப்பானின் சுஸுகிக்குப் போயிற்று. மறு ஆண்டே சுஸுகி வண்டியில் டெக்னர் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார்.

விலகிச் செல்லுதல் என்பது தோட்ட மக்களுக்குச் சிறிய சொல்லன்று. முன்னாளில் 'துண்டு' என்னும் சீட்டு இன்றி ஒரு தொழிலாளி தோட்டம் மாற இயலாது. அவர்மீதிருந்த கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அதனைச் செலுத்தும் தோட்டமே அவரை ஏற்கும். உழைப்பாளியின் கையைக் கடனால் கட்டி வைத்த அம்முறை 1921இல் ஒழிந்தது.

இன்று மகன் ஒரு கராஜை விட்டு மற்றொன்றுக்குப் போகிறேன் என்றால், "சோறு போட்ட இடத்தை விட்டுப் போகிறானே" என்று வருந்தும் பெற்றோர் உளர். அவர்கள் மகனிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஏற்ற வேலையை முடித்தாயா? பிறர் உழைப்பில் விளைந்தது எதையும் கொண்டுசெல்கிறாயா? உன்னோடு பழகியவர்கள் உன்னை வாழ்த்தி அனுப்புகிறார்களா? இவற்றுக்கு நேரிய விடை கூறுபவன் நன்றி மறந்தவன் அல்லன். தன் கைத்திறனை மட்டுமே கொண்டு செல்லும் அவனைத் தடுக்க எந்தத் துண்டுக்கும் உரிமை இல்லை.