கேமராவுக்குள் ஒரு கணினி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேற லட்சக்கணக்கானோர் வருவார்கள். அவர்கள் தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், அடிவாரத்துக் கடை என்று எங்கும் சிசிடிவி கேமரா இருக்கிறது. ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனதோடு சரி, பிறகு அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அது ஒரு சிறிய கணினி. லென்ஸுக்குப் பின்னால் உள்ள சிப்பில் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓட்டை இருந்தால், இணையத்தின் வழியே வேறொருவர் உள்ளே நுழையலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களை உலகெங்கும் வசப்படுத்தியது. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே முடங்கின. 2021இல் ஹைக்விஷன் கேமராக்கள் பலவற்றில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை தெரியவந்தது. நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. அதை ஏற்றாத கேமராக்களில் ஓட்டை அப்படியே இருந்தது.

ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க, முதலில் கேமராவின் ஸ்டிக்கரையும் செட்டிங்ஸ் பக்கத்தையும் பார்த்து மாடல் எண், ஹார்டுவேர் பதிப்பு, இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு வேறாகலாம். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு, தெரியாத தளத்துக் கோப்பு எதுவும் வேண்டாம். சீனச் சந்தைக்கென்று செய்த கேமராவில் வெளிநாட்டுப் பதிப்பை ஏற்றினால் அது செயலிழந்து போகலாம். மலிவாக வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மிக ஆபத்தான கட்டம் எழுதும் நேரம்தான். பழைய ஃபர்ம்வேர் அழிந்து புதியது பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போனால் கேமரா மறுபடி எழாமலே போகலாம். எனவே கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். வைஃபையை விட லேன் கேபிள் நல்லது. செட்டிங்ஸை பேக்கப் எடுத்துவிட்டு, ஒரே ஒரு கேமராவில் முதலில் ஏற்றிப் பாருங்கள். படம் பதிவாகிறதா, நேரம் சரியா என்று பார்த்த பிறகே மற்றவை. பழைய பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றுக்கு அது உதவாது. நிறுவனமே அப்டேட்டைக் கைவிட்ட கேமராவை இணையத்திலிருந்து துண்டியுங்கள், முடிந்தால் மாற்றுங்கள். விடுதி நடத்துபவர்களே, திருவிழாக் கூட்டம் வருவதற்குப் பத்து நாள் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.