காக்கிக்குள்ளே ஒரு நோன்பு

ஆயுதபூசையன்று நம் பெங்களூர்க் காவல் நிலையங்களைக் கண்டிருப்பீர்கள். ஜீப்பிலே மாலை, துப்பாக்கியிலே குங்குமம். பெரும்பான்மையோர் பண்டிகை அலுவலகப் பண்டிகையாகவே ஆகிவிடுகிறது. சிறுபான்மை வழிபாட்டுக் காவலர் என் செய்வார்?

இங்கிலாந்தில் இதற்கு விடை தேடினார்கள். கிறித்தவத்துக்கு முந்திய தெய்வங்களையும் இயற்கையையும் போற்றும் 'பேகன்' நெறியினருக்கு ஆண்டுக்கு எட்டு விழாக்கள். அக்டோபர் 31 அவற்றுள் ஒன்று; காவலருக்கோ அன்று ஓயாத வேலை! 2010 வாக்கில் 'காவலர் பேகன் சங்கம்' அங்கே ஏற்புப் பெற்றது. தமக்குரிய விடுப்பையே தம் விழாவுக்கு எடுக்கலாம். ஏளனத்துக்கு அஞ்சியவர் மனம்விட்டுப் பேசத் துணையும் உண்டு. அத்துணைதான் பெரிதென்பேன்.

நம் நாட்டிலோ, காவலர் அனுமதியின்றித் தொழிற்சங்கம் சேர்வதை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் ஈராண்டுவரை சிறை. முற்றிலும் சமயம் சார்ந்த அமைப்பை அது விலக்கவில்லை. ஆனால் விடுப்புக் கேட்கும் சங்கம் 'முற்றிலும் சமயம்' ஆகுமா? வழக்கறிஞருக்கு நல்ல வேட்டை!

சைத்ர மாதப் பௌர்ணமியில் இந்நகரின் கரகம் புறப்படுகிறது. திகளர்கள் வீரகுமாரராய் வாளேந்தி உடன் செல்வர். காவலர் பந்தோபஸ்து நிற்பர். அக்குலத்துக் காவலர் அன்றிரவு வாளேந்துவாரா, லத்தியா? இன்றும் அது மேலதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.