தெரிந்த சொற்கள், தெரியாத பொருள்

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், கொழும்பிலுள்ள ஒரு கந்தோரில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்குத் திகதி குறித்துக் கடிதம் வந்தது. சில நாட்களின் பின் இரண்டாவது கடிதமும் வந்தது. பரீட்சை "புட் ஓஃப்" செய்யப்பட்டுள்ளது என்று அதில் எழுதியிருந்தது. "புட்" என்றால் வைத்தல் என்பதை அவன் அறிவான். எனவே, பரீட்சை வைக்கப்படுமென அறிவித்திருக்கிறார்கள் என்று பொருள் கொண்டான். தாயார் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணத்துடன் யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் புகையிரதம் ஏறினான். பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதென்பதை மறுநாட் காலை கந்தோர் வாயிற் காவலாளி சொல்லித்தான் அறிந்தான்.

"யாரிடமாவது கேட்டிருக்கலாமே, தம்பி?" என்றோம்.

"இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்களென்று பயந்துவிட்டேன், சேர்" என்றான்.

தெரியாத சொல் நம்மை அகராதியிடம் அனுப்பிவைக்கும். தெரிந்த சொல்லோ ஏமாற்றிவிடும். "புட் அவுட்" என்றால் நெருப்பை அணைத்தல். "புட் அப் வித்" என்றால் சகித்துக்கொள்ளல். தனிச் சொற்களைக் கூட்டிப் பார்த்து இப்பொருள்களைப் பெற முடியாது. நம் மொழியிலும் இவ்வாறே. "நண்பனைக் கைகழுவிவிட்டான்" என்பதைக் கேட்கும் ஆங்கிலேயர் ஒருவர், தண்ணீரும் சவர்க்காரமும் எங்கே என்று தேடக்கூடுமன்றோ?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியத் தளபதிகள், அவசரமான ஓர் அறிக்கையை "டேபிள்" செய்ய விரும்பினர். அவர்களுக்கு அதன் பொருள் உடனே ஆராய்வதற்கு முன்வைத்தல். அமெரிக்கருக்கோ ஒதுக்கி வைத்தல். இரு சாராரும் விரும்பியது ஒன்றேயாயினும் நெடுநேரம் வாதாடினர் என்று சேர்ச்சில் தமது போர் வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஆகவே மாணவர்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வார்களாக. முதலாவது, தொடரைப் பிரிக்காது, முன்பின் வாக்கியங்களுடன் சேர்த்து முழுமையாகப் படித்தல். இரண்டாவது, அகராதியில் முதற் பொருளுடன் நின்றுவிடாமை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹோர்ன்பி என்பார், பிற மொழியினர் படும் இடர்களை நேரிற் கண்டவர். அவர் தம் தோழர் இருவருடன் தொகுத்த அகராதி 1942 இல் டோக்கியோவில் வெளிவந்தது; 1948 இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் அதனை வெளியிட்டது. இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் அவ்வகராதியில் "புட்" என்னும் சொல்லின் கீழேயே "புட் ஓஃப்" முதலிய தொடர்களையும் காணலாம். மூன்றாவது, கேட்டறிதல். மூன்றனுள் இதுவே கடினமானது.

பெற்றோருக்கும் ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. பிள்ளை ஒரு சொல்லின் பொருள் கேட்கும்போது நாம் சிரித்தால், அடுத்த முறை அது கேளாது, தெரிந்ததுபோல் தலையாட்டும். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு தாய் தன் தோட்டை விலையாகக் கொடுக்க நேர்ந்ததை நாம் கண்டோம்.