பளபளக்கும் மஞ்சளில் ஈயம்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலுள்ள செட்டிகுளம், சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். வெங்காயம் வாங்குகிறவர்கள் அள்ளிப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், அழுகல் தென்பட்டால் பேரம் பேசுவார்கள். அதே வெங்காயத்தை உரித்துச் சாம்பாருக்குப் போடும்போது கூடவே சேர்க்கிற மஞ்சள் தூளை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை. நிறம் எடுப்பாக இருந்தால் போதும், நல்ல மஞ்சள் என்று நம்பிவிடுகிறோம். மோசடி நடப்பதே அந்த நிறத்தை வைத்துத்தான்.

அறுவடையான மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பிறகு பாலிஷ் போடுகிறார்கள். மங்கிய கிழங்கை மினுக்க, சில இடங்களில் அந்தக் கட்டத்தில் 'லெட் குரோமேட்' சேர்க்கப்படுகிறது. பெயின்டுக்கு மஞ்சள் நிறம் தரும் பொடி அது. அதில் ஈயமும் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைப் பரிசோதித்த ஆய்வு 2024-ல் வெளியானது. 14 சதவீத மாதிரிகளில் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. நம் நாட்டில் மஞ்சளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். பாட்னாவில் கிடைத்த மஞ்சளில் ஈயத்தின் அளவு 1,000 மில்லிகிராமைத் தாண்டியது. லெட் குரோமேட்டோ மஞ்சள் தூளில் அறவே இருக்கக் கூடாது.

ஈயத்தில் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்ல ஓர் அளவு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சும். மூளை வளர்ச்சியும் படிப்பும் அடிபடும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் கெடும். எலும்பில் தங்கும் ஈயம், கர்ப்ப காலத்தில் கரைந்து கருவையும் சேரும்.

ஈயம் உடலுக்குள் வர மஞ்சள் மட்டும்தான் வழி என்றில்லை. ரசத்துக்கு வாங்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அதில் காரீயம், அதாவது இங்கே பேசும் இந்த நச்சு ஈயம், கலந்திருந்தால், புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். கொதிக்கவைப்பதால் ஈயம் போகாது.

ஆனால், மஞ்சளில் நடக்கும் கலப்படத்தைத் தடுக்க முடியும். வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு எச்சரித்தது, சந்தையிலேயே கருவி வைத்துச் சோதித்தது, கலப்பட வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. 2021-ல் அந்த 47 பூஜ்யமானது.

வீட்டில் செய்யக்கூடியது இது: முழு மஞ்சளாக வாங்குங்கள். ஒரு துண்டை ஒரு குவளை தண்ணீரில் போடுங்கள். உடனே நிறம் பிரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். நல்லதைக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வாரச் சந்தை வரைக்கும் வந்து மஞ்சளைச் சோதிக்க வேண்டியது அரசின் கடமை. பளிச்சென்ற நிறத்துக்கு மயங்காமல் இருக்க வேண்டியது நம் கடமை.