தீனாரின் எடையும் எழுத்தும்

கலிமா பொறித்த பழம் பொற்காசு என்றதும், பரக்கத் கருதிப் பெருவிலை கொடுக்க நம்மவர் தயங்குவதில்லை. பொன் அசலாயிருப்பதே போதுமென எண்ணுகின்றனர். போலி செய்பவரும் நல்ல பொன்னையே பயன்படுத்தலாம். பழமைக்குக் கிடைக்கும் விலை பொன்னின் விலையினும் மிகுதியன்றோ?

கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்களை நீக்கி, எழுத்து மட்டுமே பொறித்து வெளியிட்ட தீனாரின் எடை ஏறத்தாழ 4.25 கிராம். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். வேறுபாடு மிகுந்தால் ஐயுற வேண்டும். அக்காலக் காசுகள் இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பெற்றவை. எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்த்தெடுத்த போலியில் எழுத்து மழுங்கும்; பரப்பில் நுண்குழிகள் தெரியும். ஒரே கீறலும் ஒரே விளிம்புக் குறையும் இரு காசுகளில் காணப்பட்டால் அது வார்ப்பின் வேலையே.

நம் அரபுக்கல்லூரி மாணவர்க்கு எளிதான சோதனை எழுத்துதான். உமையாக்களின் தீனாரில் ஆட்சியாளர் பெயர் இல்லை; ஆண்டு, எண்ணாலன்றிச் சொல்லால் எழுதப்பெறும். அச்சிட்ட ஊரின் பெயர் வெள்ளித் திர்ஹத்தில் உண்டு. தீனாரிலோ இஃப்ரீகிய்யா, அந்தலுஸ் போன்ற சில நீங்கலாக இராது. ஆகவே ‘திமஷ்க்’ என்று பொறித்த உமையா தீனாரைக் காட்டினால் விலை பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மொழியறியாக் கை தன்னைக் காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தின் மெர்சியா மன்னர் ஓஃபா, ஹிஜ்ரி 157ஆம் ஆண்டின் அப்பாஸிய தீனாரைப் பார்த்து அடிப்பித்த பொற்காசு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏமாற்றும் நோக்கம் அதிலில்லை. தம் பெயரையே பொறிக்கச் செய்துள்ளார். ஆயினும் அரபு வரிகளோடு நோக்க, அப்பெயர் தலைகீழாக நிற்கின்றது. அச்சு வெட்டியவர் தீனாரைத் தலைகீழாகவே பிடித்திருந்தார் போலும்!